முத்தும் மூச்சும்

நுழையும்முன்

முத்து என்றதும் அணிகலன்களும் அரசவைகளும் நினைவுக்கு வருகின்றன. அதனை உருவாக்கிய உயிரும், அதனை எடுத்துவரக் கடலடிக்குச் சென்று மீண்ட மனித உடலும் அவ்வளவு எளிதில் நினைவுக்கு வருவதில்லை. தூத்துக்குடிக் கடலில் பல நூற்றாண்டுகள் நடைபெற்ற முத்துக்குளித்தலை உயிரியலின் துணைகொண்டு விளக்குகிறது இப்பாடம். தாவரம், விலங்கு, மனித உடல் ஆகிய மூன்றும் ஒரே கடற்பரப்பில் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்பதையும், அச்சார்பை மறந்தபோது நேர்ந்த இழப்பையும் இதில் காணலாம்.

பாரும் சலாபமும்

இந்தியாவின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கையின் மேற்குக் கரைக்கும் இடைப்பட்ட கடற்பகுதி மன்னார் வளைகுடா ஆகும். இதன் கரையில் அமைந்த தூத்துக்குடியை இன்றும் மக்கள் முத்துநகர் என்றே அழைக்கின்றனர். அதற்கு முன்னர் இக்கரையின் முத்து வணிகத்துக்குப் பெயர்பெற்றிருந்தது பாண்டியரின் துறைமுகமான கொற்கை. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் படிந்து கடல் பின்வாங்கியதால், அவ்வூர் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே அமைந்துள்ளது. கொற்கை முத்தின் சிறப்பைச் சங்க நூல்கள் பாடியுள்ளன. கௌடில்யரின் அர்த்தசாத்திரமும் பாண்டிய நாட்டு முத்தைக் குறிப்பிடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயணக் குறிப்பு, இங்கு முத்துக்குளிக்கும் பணியில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்று கூறுகிறது. முத்தின் விலை உயர்ந்திருந்தது போலவே அதனை எடுப்பதில் இருந்த இடரும் உயர்ந்திருந்தது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

கரையிலிருந்து ஏறத்தாழ 10 முதல் 20 கிலோமீட்டர் தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில், மணற்பரப்பின் நடுவே பாறைத் திட்டுகள் உள்ளன. முத்துச்சிப்பிகள் ஒட்டி வாழும் இத்திட்டுகளை மீனவர் ‘பார்’ என்பர். ஒவ்வொரு பாருக்கும் தனிப்பெயர் உண்டு. தூத்துக்குடிக்கு அப்பால் உள்ள தோலாயிரம் பார் அவற்றுள் புகழ்பெற்றது. அரசின் அறிவிப்பின்படி குறிப்பிட்ட காலத்தில் நடைபெறும் முத்துக்குளிப்பு ‘சலாபம்’ எனப்பட்டது. காற்று அடங்கிக் கடல் தெளிந்திருக்கும் மாசி, பங்குனி, சித்திரைத் திங்கள்களே அதற்கு உகந்தவை. கடற்கரையின் பரதவர்களும் கீழக்கரை முதலிய ஊர்களைச் சேர்ந்த இசுலாமியரும் இத்தொழிலில் தேர்ந்திருந்தனர்.

சலாபம் ஆண்டுதோறும் நடைபெறவில்லை. சில ஆண்டுகள் தொடர்ந்து நடந்தபின் பல ஆண்டுகள் சிப்பியே இல்லாமல் பார்கள் வெறுமையாகக் கிடப்பதுண்டு. இதன் காரணம் அக்காலத்தில் எவருக்கும் விளங்கவில்லை. விடையைக் காண வேண்டுமானால், முத்தை விட்டுச் சிப்பியையும், சிப்பியை வளர்க்கும் கடலையும் முதலில் அறிய வேண்டும்.

கடலின் பசுமை

நிலத்தில் புல்லும் மரமும் செய்யும் பணியைக் கடலில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத உயிரிகள் செய்கின்றன. நீரில் மிதக்கும் இந்நுண்ணிய தாவர மிதவை உயிரிகள், கதிரவனின் ஒளியைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் மாவுப்பொருளாக மாற்றுகின்றன, ஆக்சிஜனை வெளியிடுகின்றன. உலகில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறத்தாழப் பாதி கடலில்தான் நிகழ்கிறது. நாம் உள்ளிழுக்கும் காற்றுக்கும் கடலின் இப்பசுமைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த பகுதிகளில் கடற்புல் வெளிகளும் உள்ளன. கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. பாசிக்கு உண்மையான வேரோ பூவோ இல்லை. கடற்புல்லோ வேர், தண்டு, இலை, பூ, விதை அனைத்தும் உடைய பூக்கும் தாவரமாகும். இதன் மகரந்தம் நீரோட்டத்தின் வழியே சென்று மற்றொரு பூவை அடைகிறது. பின்னிக் கிடக்கும் இதன் வேர்த்தண்டுகள் கடலடி மணலை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இதனால் சேறு கலங்காமல் நீர் தெளிவாக இருக்கிறது. நீர் தெளிந்திருந்தால் ஒளி ஆழம்வரை செல்லும். ஒளி சென்றால் மிதவை உயிரிகள் பெருகும். புல்வெளி அழிந்தால் கிளம்பும் வண்டல், தொலைவில் உள்ள பாரின்மேலும் படியக்கூடும். புல்வெளிக்கும் பாருக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவு இருப்பினும் அவற்றின் வாழ்வு ஒன்றோடொன்று பிணைந்துள்ளது.

சிப்பியின் உடல்

மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பி ‘பிங்க்டேடா ஃபியூகேட்டா’ என்னும் அறிவியல் பெயர் கொண்டது. மெல்லுடலிகள் என்னும் பெருந்தொகுதியில் இரு ஓடுகளை உடைய வகுப்பைச் சேர்ந்தது. இதற்குத் தலை இல்லை. ஓடித் தப்பவும் இயலாது. தன் உடலிலிருந்து சுரக்கும் வலிய இழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டு, இரு ஓடுகளையும் சிறிதே திறந்து, நீரை உள்ளிழுத்து வெளிவிடுகிறது. இதன் செவுள்களில் உள்ள எண்ணற்ற குறு இழைகள் ஓயாமல் அசைந்து நீரோட்டத்தை உண்டாக்குகின்றன. நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செவுள் ஏற்கிறது. நீரில் மிதக்கும் நுண்ணுயிரிகளை வடிகட்டி வாய்ப்பக்கம் அனுப்புகிறது. மூச்சுவிடும் உறுப்பே உணவு சேர்க்கும் உறுப்பாகவும் அமைந்திருப்பது இவ்வுயிரின் சிறப்பாகும்.

ஓட்டை ஒட்டி உட்புறம் அமைந்த மெல்லிய தசைப்போர்வை ‘மேன்டில்’ எனப்படும். ஓட்டை உருவாக்குவது இதுவே. ஓடு மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே உள்ளது புரதத்தாலான மெல்லிய தோல். நடுவில் இருப்பது கால்சைட் என்னும் கால்சியம் கார்பனேட்டுப் படிகங்கள் தூண்களாக நெருங்கி நிற்கும் அடுக்கு. உட்புறம் மின்னுவது முத்தடுக்கு. இதில் அரகோனைட் என்னும் மற்றொரு வடிவக் கால்சியம் கார்பனேட்டு, மிகமெல்லிய தகடுகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டுள்ளது. தகடுகளுக்கு இடையே கான்கியோலின் என்னும் புரதம் சாந்துபோல் பரவியுள்ளது. வீட்டுச் சுவரில் செங்கல்லும் சாந்தும் சேர்ந்து உறுதி தருவது போல, இங்குக் கனிமமும் புரதமும் சேர்ந்து வெறும் கனிமத்தைவிடப் பன்மடங்கு உறுதியான பொருளாகின்றன. மனித எலும்பும் இதே உத்தியால் ஆனதே. அதில் கால்சியம் பாஸ்பேட்டு, கொல்லாஜன் என்னும் புரத இழைகளோடு இணைந்துள்ளது. புரதம் இல்லையேல் எலும்பு எளிதில் நொறுங்கும். கனிமம் இல்லையேல் வளையும்.

சிப்பியின் பிறப்பு நீரிலேயே நிகழ்கிறது. ஆண், பெண் சிப்பிகள் விந்தணுக்களையும் முட்டைகளையும் கடலில் வெளியிடுகின்றன. கருவுறுதலும் கடல்நீரிலேயே நடைபெறுகிறது. முட்டையிலிருந்து வெளிப்படும் லார்வாக்கள் ஏறத்தாழ மூன்று வாரம் நீரில் மிதந்து திரியும். அதன்பின் பற்றிக்கொள்ளத் தகுந்த திண்மையான இடம் கிடைத்தால் மட்டுமே நிலைத்து வளரும். அந்நாள்களில் நீரோட்டம் லார்வாக்களைப் பாரின் பக்கம் கொணர்ந்தால் பார் நிறையும். மணற்பரப்புக்கோ ஆழ்கடலுக்கோ கொண்டுசென்றால் அத்தலைமுறையே அழியும். பார்கள் சில ஆண்டுகள் நிறைந்தும் பல ஆண்டுகள் வறண்டும் இருந்ததற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

முத்து உருவாகும் முறை

விண்ணிலிருந்து விழும் மழைத்துளி, வாய்திறந்த சிப்பிக்குள் புகுந்து முத்தாகிறது என்பது நம் முன்னோர் சுவைபடக் கூறிய கற்பனை. மணல்துகள் ஒன்று உள்ளே புகுந்தால் அதுவே முத்தாகிவிடும் என்பது இன்றும் பலர் நம்பும் கருத்து. சிப்பி நீரை உள்ளிழுத்து வெளிவிடும்போதே பெரும்பாலான மணல்துகள்களை வெளியேற்றிவிடுகிறது. மணல் மட்டுமே போதுமானால் ஒவ்வொரு சிப்பியிலும் முத்து இருக்க வேண்டும். உண்மையில் மிகப்பல சிப்பிகளைத் திறந்தாலும் நல்முத்து கிடைப்பது அரிது.

முத்து உருவாகத் தேவையானது மேன்டிலின் வெளிப்பரப்பில் உள்ள எபிதீலிய செல்கள் இடம்பெயர்வதே ஆகும். ஓட்டைச் சுரப்பவை இச்செல்கள். ஒட்டுண்ணியின் இளம்புழு துளைப்பதாலோ வேறு காயத்தாலோ இவற்றுள் சில உடலின் உட்பகுதிக்குத் தள்ளப்படுவதுண்டு. புதிய இடத்திலும் அவை தம் இயல்பை விடுவதில்லை. அங்கேயே பெருகி, ஒரு சிறு பையாக மூடிக்கொண்டு, ஓட்டுக்குச் சுரந்த அதே முத்தடுக்கைப் பையின் உட்புறம் சுரக்கத் தொடங்குகின்றன. எல்லாப் பக்கமும் சமமாகச் சுரந்தால் முத்து உருண்டையாகும். ஒருபக்கம் நெருக்கப்பட்டால் வடிவம் கோணும். ஆகவே முத்தை, உள்நோக்கித் திரும்பிய ஓர் ஓடு என்றே கூறலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் முத்துப்பார்களை ஹெர்ட்மன், ஜேம்ஸ் ஹார்னெல் ஆகிய பிரித்தானிய அறிஞர்கள் ஆராய்ந்தனர். முத்துகளின் நடுவே நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கக் கண்டதாக அவர்கள் தெரிவித்தனர். எல்லா முத்துக்கும் புழுவே காரணம் என்னும் கருத்தைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. எனினும் முத்துக்கு உயிரியல் காரணம் தேடிய முயற்சிகளில் அது குறிப்பிடத்தக்கது. ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றி, இக்கரையின் முத்து, சங்குத் தொழில்களைக் குறித்து விரிவாக எழுதினார்.

வேண்டாத பொருளைச் சுற்றிவளைத்து அடக்கும் இயல்பு மனித உடலுக்கும் உண்டு. காசநோய்க் கிருமி நுரையீரலில் புகும்போது, அதனை முழுமையாக அழிக்க இயலாத வெள்ளணுக்கள் அதனைச் சூழ்ந்து சிறு முடிச்சாக்கி அடக்கிவைக்கின்றன. நாளடைவில் அம்முடிச்சில் கால்சியம் படிவதும் உண்டு. அடக்கும் வழி வேறாயினும் நோக்கம் ஒன்றே.

தெரிந்து தெளிவோம்

முத்தடுக்கின் ஒரு தகடு ஏறத்தாழ அரை மைக்ரான் தடிப்புடையது. ஒரு மில்லிமீட்டர் முத்தடுக்கில் ஏறத்தாழ 2000 தகடுகள் அடங்கும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளமும் 0.4 முதல் 0.7 மைக்ரான் அளவே ஆகும். இரண்டும் நெருங்கிய அளவில் இருப்பதால், வெவ்வேறு தகடுகளில் பட்டு மீளும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களை மிகுவிக்கின்றன, சிலவற்றை மங்கச்செய்கின்றன. முத்தின் மேல் தவழும் வண்ணச்சாயல் எந்தச் சாயத்தாலும் ஆனதன்று. ஒளியின் விளையாட்டே ஆகும்.

குளிப்பவரின் உடல்

சலாபத்தின்போது முத்துக்குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் எடையைத் துணைகொண்டு விரைந்து கடலடியை அடைவார். கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிப் போடுவார். மூச்சு முட்டும் நிலையில் கயிற்றை அசைத்து உணர்த்துவார். படகில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். இவையனைத்தும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் நடந்து முடியும். ஒருநாளில் பலமுறை இவ்வாறு மூழ்கி எழுவதுண்டு. அந்த ஒரு நிமிடத்தில் உடலுக்குள் நிகழ்வன வியப்புக்குரியவை.

முதலாவது அழுத்தம். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட வாயுவின் பருமன் குறையும் என்பது பாயில் விதி. நீர்மட்டத்தில் 6 லிட்டர் காற்றை நுரையீரலில் நிரப்பிக்கொண்டு இறங்குபவருக்கு, 10 மீட்டர் ஆழத்தில் அக்காற்று 3 லிட்டராகவும், 20 மீட்டர் ஆழத்தில் 2 லிட்டராகவும் சுருங்குகிறது. இதனை ஈடுசெய்ய, கைகால்களில் இருந்து குருதி மார்புப் பகுதிக்கு நகர்கிறது. செவியிலும் இதே சிக்கல் எழுகிறது. நடுச்செவியில் உள்ள காற்று சுருங்குவதால் செவிப்பறை உள்நோக்கி அழுந்தி வலிக்கும். நடுச்செவியைத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேசியன் குழல் வழியே காற்றைச் செலுத்திச் சமன்செய்யாவிடில் செவிப்பறை கிழிந்துவிடும்.

இரண்டாவது, மூச்சை அடக்கும் ஆற்றல். முகத்தில் குளிர்நீர் பட்டு, மூச்சும் நின்றவுடன் இதயத்துடிப்பு குறைகிறது. கைகால்களின் குருதிக்குழாய்கள் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் முன்னுரிமை கிடைக்கிறது. திமிங்கிலம், கடல்நாய் முதலிய பாலூட்டிகளிடம் வலிமையாகக் காணப்படும் இந்த அனிச்சைச் செயல் மனிதரிடமும் ஓரளவு உள்ளது. மண்ணீரலும் சுருங்கித் தன்னிடம் சேர்த்துவைத்த சிவப்பணுக்களைக் குருதியோட்டத்தில் கலக்கிறது. தென்கிழக்கு ஆசியக் கடல்களில் வாழும் பஜாவ் மக்களைக் குறித்து 2018இல் வெளியான ஆய்வு, அவர்களின் மண்ணீரல் அண்டையில் வாழும் வேளாண் மக்களின் மண்ணீரலைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு பெரிது எனக் கண்டறிந்தது. பஜாவ் மக்களுள் கடலில் மூழ்காதவர்களிடமும் அப்பெருக்கம் காணப்பட்டது. ஆகவே, அது பயிற்சியால் மட்டும் வந்ததன்று. தலைமுறைகளாக இயற்கைத் தேர்வு செய்த மாற்றம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

மூன்றாவது, மூச்சுமுட்டலின் காரணம். ஆக்சிஜன் குறைவதால்தான் மூச்சு முட்டுகிறது என்று பலரும் எண்ணுகின்றனர். குருதியில் கார்பன் டை ஆக்சைடு கூடுவதை உணர்ந்து, முகுளத்தில் உள்ள மூச்சுக் கட்டுப்பாட்டு மையம் எழுப்பும் எச்சரிக்கையே அவ்வுணர்வு. நீரில் மூழ்கும் முன் வேகவேகமாகப் பலமுறை மூச்சுவிட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். ஆக்சிஜனின் அளவோ பெரிதாகக் கூடுவதில்லை. அதனால் எச்சரிக்கை தாமதமாகிறது. மூச்சு முட்டவில்லையே என்று நீருக்கடியில் தங்கியிருப்பவர், மேலே எழும்போது அழுத்தம் குறைய, மூளைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் திடீரெனச் சரிந்து நினைவிழப்பார். கரையிலும் கிணற்றிலும் குளத்திலும் மூச்சடக்கிப் போட்டியிடும் இளைஞர் சிலர் நன்கு நீந்தத் தெரிந்தும் உயிரிழப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். உடல் தரும் எச்சரிக்கையை அணைத்துவிட்டு நீரில் இறங்கலாகாது.

கோலி சோடாவும் குருதியும்

முத்துக்குளிப்பு நின்றபின்னும் இக்கரையில் சங்குகுளித்தல் தொடர்கிறது. இன்று சங்கு குளிப்போருள் பலர், படகில் உள்ள காற்றழுத்தப் பொறியிலிருந்து குழாய் வழியே வரும் காற்றைச் சுவாசித்தபடி கடலடியில் நெடுநேரம் தங்குகின்றனர். மூச்சை அடக்கும் துன்பம் இதில் இல்லை. ஆனால், பழந்தொழிலில் பெரும்பாலும் இல்லாதிருந்த வேறோர் இடர் இங்கு உண்டு.

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். உடல் அதனைப் பயன்படுத்துவதில்லை. ஆழத்தில் அழுத்தத்தோடு காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் குருதியிலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. தங்கும் நேரமும் ஆழமும் கூடினால் கரையும் அளவும் கூடும். கோலி சோடாவின் கோலியை அழுத்தியவுடன், அதுவரை அமைதியாகக் கரைந்திருந்த வாயு குமிழ்களாகப் பொங்குவதைக் காண்கிறோம். ஆழத்திலிருந்து விரைந்து மேலே வருபவரின் குருதியிலும் அவ்வாறே நைட்ரஜன் குமிழ்கள் தோன்றுகின்றன. அவை மூட்டுகளில் கடும்வலியை உண்டாக்கும், தண்டுவடத்தைத் தாக்கினால் கைகால்கள் செயலிழக்கும், உயிரும் போகலாம்.

படிப்படியாக நிறுத்தி நிறுத்தி மேலே எழுந்தால் நைட்ரஜன் நுரையீரல் வழியே மெல்ல வெளியேறும் என்பதை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல் விளக்கி அட்டவணைகளை வெளியிட்டார். பாதிக்கப்பட்டவரை அழுத்தம் கூட்டப்பட்ட அறையில் வைத்து ஆக்சிஜன் அளிப்பதே உரிய சிகிச்சை. குளிப்பவரின் துணிவைப் போற்றும் சமூகம், இந்த அறிவையும் சிகிச்சையையும் அவருக்கு எட்டும் தொலைவில் வைப்பதும் கடமையாகும்.

வெறுமையான பார்கள்

சலாபத்தில் எடுக்கப்பட்ட சிப்பிகளைக் கரையில் குவித்து, அழுகவிட்டுக் கழுவி முத்தைப் பிரிப்பது வழக்கம். முத்து இருந்த சிப்பியும் இல்லாத சிப்பியும் ஒருசேர மாண்டன. முட்டையிடும் பருவத்தை எட்டிய சிப்பிகள் பெருந்தொகையாக நீங்கினால் அடுத்த தலைமுறைக்கு வித்து குறையும். இலங்கைப் பக்கத்தில் இதன் விளைவு விரைவில் தெரிந்தது. அங்குள்ள பார்களை 1906இல் ஒரு தனியார் நிறுவனம் 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. அடுத்த ஆண்டுச் சலாபத்துக்குப் பின் பார்கள் வறண்டன; குத்தகைக் காலம் முடியுமுன்பே நிறுவனம் நொடித்தது.

தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை சலாபங்கள் நடைபெற்றன. அதன்பின் இதுவரை நடைபெறவில்லை. இதற்கு ஒரே காரணத்தைச் சுட்ட இயலாது. லார்வாக்களைத் திசைமாற்றும் நீரோட்டம், சிப்பியைத் தின்னும் திருக்கை, எண்காலி, நட்சத்திர மீன் ஆகியவை, பார்மீது போர்வைபோல் படர்ந்து இளஞ்சிப்பிகளை மூச்சுத்திணறச் செய்யும் சூரன் என்னும் சிப்பியினம் ஆகியன இயற்கைக் காரணங்கள். கடலடியைச் சுரண்டும் இழுவலைகள், கரையிலிருந்து கலக்கும் கழிவு, சுண்ணாம்புக்காக வெட்டியெடுக்கப்பட்ட பவளப்பாறை ஆகியன மனிதர் சேர்த்த காரணங்கள். பவளத்தை இழந்த தூத்துக்குடித் தீவுகள் அலைகளின் தாக்குதலுக்கு நேரடியாக உள்ளாயின. வான் தீவின் பரப்பு வெகுவாகச் சுருங்கியதால், அதனைக் காக்கச் செயற்கைத் திட்டுகளைக் கடலில் அமைக்க நேர்ந்தது.

இவற்றோடு புதிய அச்சுறுத்தலும் சேர்ந்துள்ளது. எரிபொருள்களிலிருந்து வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு பகுதியைக் கடல் உறிஞ்சுகிறது. அது நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல்மேற்பரப்பின் அமில-காரக் குறியீட்டெண் இன்று ஏறத்தாழ 8.1 ஆகக் குறைந்துள்ளது. சுண்ணாம்பின்மேல் எலுமிச்சைச் சாறு பட்டால் என்ன நேரும் என்பதை நாம் அறிவோம். அமிலத்தன்மை மிகுந்தால் சிப்பியும் பவளமும் சுண்ணாம்புச் சத்தைச் சேர்ப்பது கடினமாகும். உடலில் ஓடு உருவாகத் தொடங்கும் இளம்லார்வாக்களே இதனால் முதலில் பாதிக்கப்படும்.

வேப்பலோடையில் ஒரு முயற்சி

சிப்பியைக் கொல்லாமல் முத்தைப் பெருக்க இயலுமா என்னும் வினா ஜப்பானில் எழுந்தது. மிக்கிமோட்டோ கோகிச்சி 1893இல் அரைவட்ட முத்துகளை வளர்த்துக் காட்டினார். முழுஉருண்டை முத்தை வளர்க்கும் முறை பின்னர் அந்நாட்டிலேயே உருவானது. எனினும் நுட்பம் நெடுங்காலம் பிற நாடுகளுக்கு எட்டவில்லை.

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடியில் 1972இல் இவ்வாய்வைத் தொடங்கியது. ஊருக்கு வடக்கே வேப்பலோடையில் களக்கூடம் அமைந்தது. அறிவியலாளர் கே. அழகர்சாமியின் முயற்சியால் 1973ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வளர்ப்பு முத்து கிடைத்தது. மேலே விளக்கிய உயிரியல் உண்மையே இதன் அடிப்படை. முதலில் சிப்பியை மென்தால் கொண்டு மயக்குவர். ஓட்டினால் செய்த சிறு உருண்டை மணியை அதன் இனப்பெருக்க உறுப்புப் பகுதியில் பொதிவர். மற்றொரு சிப்பியின் மேன்டிலில் இருந்து எடுத்த மிகச்சிறு துண்டை மணியைத் தொடுமாறு வைப்பர். அத்துண்டின் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பையாகி முத்தடுக்கைச் சுரக்கும். பின்னர்ச் சிப்பியைக் கூண்டிலிட்டுத் தெப்பத்தில் தொங்கவிடுவர். மணியின் அளவுக்கேற்பச் சில மாதங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் ஆகும். மணி மட்டும் வைத்து, மேன்டில் துண்டை வைக்காவிடில் முத்து உருவாகாது. துகள் அன்று, செல்லே முத்தை ஆக்குகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அறுவைக்குத் தேவையான சிப்பிகளுக்கும் கடலையே நம்பியிருக்க வேண்டாம் என்பதற்காக, 1981இல் பொரிப்பகத்தில் முட்டை முதல் இளஞ்சிப்பி வரை வளர்க்கும் முறையும் தூத்துக்குடியில் கண்டறியப்பட்டது. அவ்வாறு வளர்த்த இளஞ்சிப்பிகள் 1980களின் பிற்பகுதியில் பார்களில் விடப்பட்டன.

பார் நிறைவதற்கு

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 3600க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இங்குப் பதிவாகியுள்ளன. முத்துச்சிப்பி அவற்றுள் ஒன்று மட்டுமே.

பொரிப்பகத்தில் இலட்சக்கணக்கான இளஞ்சிப்பிகளை வளர்த்துக் கடலில் விட அறிவியலால் இயலும். ஆனால், அவை பற்றிக்கொள்ளத் திண்மையான பாறை வேண்டும். உண்ண மிதவை உயிரிகள் வேண்டும். மூச்சுவிடத் தெளிந்த நீர் வேண்டும். ஓடு வளர்க்க அமிலம் மிகாத கடல் வேண்டும். இவற்றை எந்தப் பொரிப்பகமும் செய்து தர இயலாது. ஆழத்தில் குளிப்பவருக்கு மூச்சின் எல்லை இருப்பதுபோலக் கடலுக்கும் ஓர் எல்லை உண்டு. மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்து உணர்த்தினார் முத்துக்குளிப்பவர். படகில் இருந்தவர் உடனே இழுத்தார். வெளிறும் பவளமும், சுருங்கும் தீவும், 1961க்குப் பின் சலாபம் காணாத பார்களும் அவ்வாறு அசையும் கயிறுகளே. அவற்றைப் பிடித்திருக்கும் கை இக்கரையில் வாழும் நம் அனைவருடையது.